காற்றை அளக்கக் கண் போதாதா? (கைட் சர்ஃபிங் போகும் என் மாணவனுக்கு ஒரு பதில்)



போன ஞாயிற்றுக்கிழமை நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் நடந்த வாக்குவாதத்தைப் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் நம் மாணவன் ஒருவன், பெங்களூர் நண்பர்களோடு சேர்ந்து ராமேசுவரம் பக்கம் போய் கைட் சர்ஃபிங் கற்றுக்கொள்கிறான். "கையில் பிடித்துக் காற்றின் வேகத்தை அளக்கும் சின்ன மீட்டர் ஒன்று விற்கிறார்கள். சில ஆயிரம் ரூபாய் ஆகிறது. வாங்கலாமா?" என்று குழுவில் கேட்டான்.

உடனே எங்கள் உறவுக்காரத் தம்பி, மண்டபம் பக்கத்துக்காரர், "எங்க தாத்தா, அப்பா எல்லாம் எந்த மீட்டரைப் பாத்துக் கடலுக்குப் போனாங்க? காத்தைக் கண்ணால பாக்கத் தெரியாதவன் கடல்ல இறங்கவே கூடாது" என்று எழுதினார். பெங்களூரில் கணினி வேலை பார்க்கும் இன்னொரு மாணவி, "அங்கிள், அளக்க முடியாத எதையும் நம்பக் கூடாது" என்று பதில் போட்டாள். நாற்பது செய்திகள் ஓடின. கடைசியில் "டீச்சர் முடிவு சொல்லட்டும்" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். குழுவில் எழுதினால் காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே காணாமல் போய்விடும் என்பதால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், உறவினர்களில் வயதானவர்களுக்காக: கைட் சர்ஃபிங் என்பது, காலில் ஒரு பலகையை மாட்டிக்கொண்டு, பெரிய காற்றாடி ஒன்று இழுக்க, தண்ணீர்மேல் சறுக்கிப் போகும் விளையாட்டு. காற்றாடி என்றதும் நம் பிள்ளைகள் மொட்டை மாடியில் விடும் தாள் காற்றாடியை நினைக்காதீர்கள். 9 சதுர மீட்டர், 12 சதுர மீட்டர் என்று ஓர் அறையின் தரை அளவுக்கு இருக்கும். இருபது மீட்டருக்கும் மேல் நீளமான கயிறுகளில் வானத்தில் நிற்கும். கயிற்றின் மறுமுனை, சறுக்குபவரின் இடுப்பில் கட்டிய பட்டையில் மாட்டியிருக்கும். ராமநாதபுரம் மாவட்டத்தில் பிரப்பன்வலசைப் பக்கம் இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். தூத்துக்குடியிலும் உண்டு. இலங்கையில் கல்பிட்டி இதற்குப் பேர் போன இடம். ராமேசுவரம் கோயிலுக்குப் போனபோது கரையில் நின்று நானும் பார்த்திருக்கிறேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது வேறு விஷயம்.

இனி என் கருத்து.

தம்பி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. காற்றைக் கண்ணால் அளக்க முடியும். 1805-இல் பிரிட்டிஷ் கடற்படையைச் சேர்ந்த பிரான்சிஸ் போஃபோர்ட் என்பவர், கையில் எந்தக் கருவியும் இல்லாமல் காற்றின் வலிமையை 0 முதல் 12 வரை எண்ணிட்டுப் பிரித்தார். போர்க்கப்பல் எவ்வளவு பாய் விரிக்க முடிகிறது என்பதுதான் அவருடைய அளவுகோல். மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கெல்லாம் பிற்பாடுதான் அதில் சேர்ந்தது. நிலத்தில் இருப்பவர்களுக்கான அடையாளங்களும் பிறகு வந்தவைதான்.

அதை நம் ஊருக்குப் பொருத்திச் சொல்கிறேன். முகத்தில் காற்றுப் பட்டு, அரச இலை சலசலத்தால் 2-ஆம் எண். கொடிக்கம்பத்தில் கொடி விரிந்து நின்றால் 3. சாலைப் புழுதியும் காகிதமும் கிளம்பினால் 4. அப்போது வேகம் மணிக்கு 20 முதல் 28 கிலோமீட்டர். சின்ன மரங்கள் அசைந்தாடினால் 5. 29 முதல் 38 கிலோமீட்டர். குடை பிடிக்க முடியாமல், மின்கம்பிகள் விசில் அடித்தால் 6. 39 முதல் 49 கிலோமீட்டர். ஆடி மாதத்தில் சந்திரசூடேசுவரர் மலைமேல் ஏறி நின்று, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கீழே ஓசூரைப் பார்த்தவர்களுக்கு இந்த 5-க்கும் 6-க்கும் உள்ள வித்தியாசம் சொல்லாமலே தெரியும்.

கடலிலும் அப்படியே. தண்ணீரில் அங்கங்கே வெள்ளை நுரை தலைகாட்டினால் 3, நிறையத் தெரிய ஆரம்பித்தால் 4. கைட் சர்ஃபிங் செய்பவர்கள் அந்த நுரையைப் பார்த்துத்தான், இறங்கலாமா என்று யோசிக்கவே தொடங்குவார்கள். நம் மீனவர்களோ இன்னும் ஒரு படி மேலே. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று ஒவ்வொரு திசைக் காற்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் மீட்டர் வேண்டாமா? இங்கேதான் நான் தம்பியோடு மாறுபடுகிறேன். அதற்கு என் தவறு ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில், நான் அப்போது வேலை பார்த்த பள்ளியில் ஆண்டு விழா. ஏப்ரல் மாதம். தலைமை ஆசிரியர் வெளியூர் போயிருந்ததால் ஏற்பாடு முழுவதும் என் பொறுப்பு. மைதானத்தில் பெரிய சாமியானா போட்டிருந்தோம். மத்தியானம் மூன்று மணி இருக்கும், மேற்கே வானம் கறுத்தது. பந்தல் வேலைக்கு உதவியாக வந்திருந்த ஓர் இளைஞன் என்னிடம் ஓடி வந்து, "டீச்சர், காளி ஜாஸ்தி ஆகுது. ஒரு பக்கத் துணியை அவுத்து விட்டுடலாம்" என்றான். (வெளியூர் உறவினர்கள் பயப்பட வேண்டாம். எங்கள் ஊர்க் கன்னடத்திலும் தெலுங்கிலும் காளி என்றால் காற்று.)

நான் பந்தல்காரரைப் பார்த்தேன். அவர் மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது ஒண்ணும் பண்ணாது" என்றார். நானும் அந்தப் பையனிடம், "முப்பது வருஷமா பந்தல் போடறவருக்குத் தெரியாதா? போய் நாற்காலியைப் போடு" என்றேன்.

கால் மணி நேரத்தில் ஒரே ஒரு வீச்சு. சாமியானா பாய்போல் உப்பி மேலே எழுந்தது. கம்பம் ஒன்று பிடுங்கிக்கொண்டு வந்து விழுந்ததில், ஒத்திகைக்கு நின்றுகொண்டிருந்த ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அவளுக்கு இப்போது கல்லூரியில் படிக்கும் பிள்ளை இருக்கிறான். நன்றாகத்தான் இருக்கிறாள். இதை எழுதுவதற்கு அவளிடம் அனுமதி கேட்டேன். "எழுதுங்க டீச்சர், ஆனா என் பேரைப் போடாதீங்க" என்றாள்.

பல வருடம் நான் இதை "எதிர்பாராத காற்று" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மையில்லை. ஒருவன் எதிர்பார்த்தான், வந்து சொல்லவும் செய்தான். ஆனால் அவன் கண்ணும் பந்தல்காரர் கண்ணும் வேறு வேறாகச் சொன்னபோது, நான் வயதைப் பார்த்து முடிவெடுத்தேன். நம் வீடுகளில், பள்ளிகளில், கம்பெனிகளில் எல்லாம் இதுதானே நடக்கிறது? கண் மதிப்பு என்றால் பெரியவர் கண்தான் ஜெயிக்கும். அன்று அந்தப் பையன் கையில் ஒரு மீட்டர் இருந்து, "டீச்சர், இப்பவே 40 காட்டுது பாருங்க" என்று நீட்டியிருந்தால், நான் அவனை நாற்காலி போட அனுப்பியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

அதனால் என் பார்வையில், மீட்டரின் முக்கியமான வேலை காற்றை அளப்பதுகூட இல்லை. இளையவனுக்கும் புதியவனுக்கும் பேச ஒரு பிடிமானம் கொடுப்பது. அனுபவசாலிக்குக் கண் போதும், ஆனால் அவர் கண்ணில் தெரிவதை அடுத்தவர் சரிபார்க்க முடியாது. எண்ணை எல்லோரும் பார்க்கலாம்.

நம் ஊரிலிருந்தே இன்னோர் உதாரணம். கர்நாடக எல்லையை ஒட்டி அடுக்குமாடிக் கட்டடங்கள் எழும்புகின்றன அல்லவா, அங்கே டவர் கிரேன் ஓட்டும் நம் மாணவன் ஒருவன் இருக்கிறான். கிரேன் உச்சியில் காற்றுமானி இருக்கிறது, வேகம் எல்லை தாண்டினால் அலாரம் அடிக்கும், வேலையை நிறுத்த வேண்டும். "அலாரம் அடிச்சா சூப்பர்வைசர்கூட என்னை ஒண்ணும் சொல்ல முடியாது டீச்சர்" என்று ஒருமுறை சொன்னான். நான் சொல்ல வந்ததை அவன் ஒரே வரியில் சொல்லிவிட்டான்.

ராமேசுவரம் போகிற வழியிலேயே இதற்குப் பெரிய சாட்சி நின்றது. 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் காற்றுமானி ஒன்று இருந்தது. வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்பாகிவிடும், ரயில் பாலத்தில் ஏறக் கூடாது. ஓட்டுநர் எத்தனை வருட அனுபவசாலி என்று யாரும் கேட்க மாட்டார்கள். 1964 டிசம்பர் 22 இரவு, தனுஷ்கோடிக்குப் போன பாம்பன் பயணிகள் ரயில் புயல் அலையில் அடித்துச் செல்லப்பட்டு, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த கரை அது. காற்றைப் பற்றி அங்கே ஒருவருடைய ஊகத்தை நம்பி முடிவெடுக்க முடியாது.

மீனவர்களுக்கு எண் தேவைப்படவில்லை என்று தம்பி சொல்கிறார். தம்பி, உங்கள் பாம்பன் துறைமுகத்தில் ஏற்றுகிறார்களே புயல் எச்சரிக்கைக் கூண்டு, அதில் 1 முதல் 11 வரை இருப்பது என்ன? எண்தானே! "3-ஆம் எண் கூண்டு ஏத்திட்டாங்க" என்று ஒரு சின்னப் பையன் ஓடி வந்து சொன்னாலும் பெரியவர்கள் படகை இழுத்துக் கட்டுகிறார்கள். அந்த எண் யாருடைய சொத்தும் இல்லை என்பதால்தான் பையன் சொல் செல்லுகிறது. 2017 நவம்பர் இறுதியில் ஓகி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரி மீனவர்களைவிடக் காற்றை அறிந்தவர்கள் யார்? எச்சரிக்கை போய்ச் சேராத இடத்தில் அவ்வளவு அனுபவமும் அவர்களைக் காப்பாற்றப் போதவில்லையே. நான் அனுபவத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. அதற்குத் துணை வேண்டும் என்கிறேன்.

இப்போது கணினி மாணவியின் பக்கம் வருகிறேன். "அளந்துவிட்டால் போதும்" என்ற நினைப்பும் ஆபத்துதான் அம்மா. நான்கு காரணம் சொல்கிறேன்.

ஒன்று, காற்றின் வேகம் ஏறுவதுபோல அதன் விசை ஏறாது, அதைவிட வேகமாக ஏறும். விசை, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கணக்குப் போடுவோம். மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 10 மீட்டர் வேகக் காற்று, நேரே நிற்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறக்குறைய 6 கிலோ எடை அளவுக்குத் தள்ளும். 10 சதுர மீட்டர் துணி என்றால் 60 கிலோ. வேகம் 50 ஆனால்? "14 கிலோமீட்டர்தானே கூடியது" என்று தோன்றும். விசையோ ஏறக்குறைய இரண்டு மடங்காகி 120 கிலோவை நெருங்கும். அன்று எங்கள் சாமியானா ஏன் பறந்தது என்பதற்கு இதுதான் விடை. காற்றாடி வானில் குறுக்கே பாயும்போது அதன் சொந்த வேகமும் சேர்ந்துகொள்வதால் இழுப்பு இன்னும் கூடும்.

இரண்டு, மீட்டர் அளப்பது உங்கள் கை உயரத்துக் காற்றை. காற்றாடி நிற்பது அதற்கு எவ்வளவோ மேலே, அங்கே பொதுவாக வேகம் அதிகம். வானிலை நிலையங்களில் 10 மீட்டர் உயரத்தில் காற்றுமானியை வைப்பதற்குக் காரணம், தரைக்கு அருகே மரமும் சுவரும் காற்றைக் கெடுத்துவிடும் என்பதுதான். சவுக்குத் தோப்புக்குப் பின்னால் நின்று அளந்துவிட்டு "காற்றே இல்லை" என்று சொல்பவனை மீட்டர் திருத்தாது.

மூன்று, ஒரு கணத்து எண் ஏமாற்றும். 24-க்கும் 28-க்கும் இடையே நிதானமாக வீசும் காற்றுக்கும், 16-க்கு இறங்கி 36-க்குத் தாவும் காற்றுக்கும் சராசரி ஒன்றுதான், 26. முதலாவது நல்ல வாத்தியார், இரண்டாவது ஆளைத் தூக்கி எறியும். குறைந்தது இரண்டு மூன்று நிமிடம் பிடித்து, கீழ் எண்ணையும் மேல் எண்ணையும் பார்க்க வேண்டும்.

நான்கு, மீட்டர் வேகத்தைச் சொல்லும், அந்த இடத்தில் அந்தத் திசை நல்லதா என்று சொல்லாது. பிரப்பன்வலசை, பாக் விரிகுடாவைப் பார்த்த கரை. அங்கே வடக்கே இருந்து வரும் வாடை உங்களைக் கரைக்குத் தள்ளும். தெற்கே இருந்து வரும் காற்று அதே வேகத்தில் உங்களை நடுக்கடலுக்குத் தள்ளும். மீட்டரில் இரண்டும் ஒரே எண்தான். இந்த இடத்தில் தம்பி பக்கத்து மனிதர்களின் சொல்லைத்தான் கேட்க வேண்டும்.

அப்படியானால் என்ன செய்வது? ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு பழைய முறை இதற்கும் உதவும். உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மூன்றாம் வகுப்பில் நீட்டல் அளவை நடத்தும்போது அளவுகோலை முதலில் தர மாட்டேன். "கரும்பலகை எத்தனை மீட்டர்? ஊகித்து சிலேட்டில் எழுது" என்பேன். எழுதிய பிறகுதான் அளக்க விடுவேன். முதல் நாள் ஒருவன் பத்து மீட்டர் என்பான், வகுப்பே சிரிக்கும். பத்துப் பதினைந்து பொருள்கள் அளந்த பிறகு அதே பையன் ஒரு சாண் வித்தியாசத்துக்குள் சொல்லிவிடுவான். அளவுகோல் அவன் கண்ணைக் கெடுக்கவில்லை, பழக்கியது. முதலிலேயே அளவுகோலைக் கொடுத்திருந்தால் கண் வளர்ந்திருக்காது. கொடுக்காமலே விட்டிருந்தால், தன் ஊகம் தவறு என்பதே அவனுக்குத் தெரிந்திருக்காது. பந்தல்காரருக்கு நேர்ந்தது அதுதான். முப்பது வருடம் அவர் ஊகித்தார். அந்த ஊகத்தை ஒருநாளும் யாரும் அளந்து திருத்தவில்லை.

ஆகவே, சிப்காட் மாணவனே, உனக்கு என் பதில் இது.

மீட்டரை வாங்கு. ஆளுக்கொன்று வேண்டாம், உங்கள் கூட்டத்துக்கு ஒன்று போதும். கரைக்குப் போனதும் பையிலிருந்து எடுக்காதே. முதலில் தண்ணீரைப் பார், மரத்தைப் பார், கன்னத்தில் காற்றை வாங்கு. "இது இவ்வளவு இருக்கும்" என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு திறந்த இடத்தில், காற்றுக்கு நேராகக் கையை உயர்த்திப் பிடித்து அளங்கள். ஊகம், கீழ் எண், மேல் எண், திசை, எந்த அளவு காற்றாடி, எப்படி இருந்தது, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுது. அங்கே நாட் என்ற அலகில் பேசுவார்கள். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். அதையும் மனதில் பதித்துக்கொள். இரண்டு பருவம் இப்படிச் செய்தால், பிறகு மீட்டரை வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போனாலும் நீ தடுமாற மாட்டாய். அப்போதும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போ, அது வேறு விஷயம்.

இன்னொன்று. உன் எல்லை எண்ணைக் கரையில் நின்று முடிவு செய்யாதே. ஓசூரிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து போய், லீவும் பணமும் செலவழித்து, நண்பர்கள் எல்லோரும் இறங்கிவிட்ட பிறகு, "எனக்கு இது அதிகம்" என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? பாம்பன் பாலத்துக்கு 58 என்று எழுதிவைத்ததுபோல, உன் பயிற்சியாளரிடம் கேட்டு, உன் எடைக்கும் உன் தேர்ச்சிக்கும் ஓர் எண்ணை வீட்டிலேயே எழுதிக்கொள். மேல் எண் அதைத் தாண்டினால் கரையில் உட்கார்ந்து வறுத்த கடலை சாப்பிடு. கடல் அடுத்த வாரமும் அங்கேதான் இருக்கும்.

கடைசியாக ஒன்று, இதுதான் எனக்கு முக்கியம். மீட்டரை உங்கள் கூட்டத்தில் இருப்பவர்களிலேயே இளையவர் கையில் கொடுங்கள். புதிதாகச் சேர்ந்தவனோ, பயந்த சுபாவமுள்ள பெண்ணோ, யாராக இருந்தாலும் சரி. எண்ணைப் படிப்பது அவர்கள் வேலையாக இருக்கட்டும். "அண்ணா, இன்னைக்கு வேண்டாம்" என்று அவர்கள் சொன்னால் அன்று வேண்டாம். அனுபவசாலிகள் தங்கள் கண்ணால் பார்த்து "வேண்டாம்" என்றாலும் வேண்டாம், மீட்டர் என்ன காட்டினாலும் சரி. நிறுத்துவதற்கு ஒருவர் சொல் போதும், இறங்குவதற்கு எல்லோர் சொல்லும் வேண்டும்.

அந்தப் பந்தல் இளைஞனின் பெயரை நான் அன்று கேட்டுவைக்கவில்லை. பிறகு தேடியும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். இந்தப் பதிவை அதற்குப் பதிலாக வைத்துக்கொள்கிறேன்.

தம்பியும் கணினி மாணவியும் இனிக் குழுவில் சமாதானமாகப் போகவும். ஆடி பிறக்கப் போகிறது, மாடியில் காயப்போட்ட துணிக்குக் கிளிப் போட மறக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்